கால் நனைத்து உள்ளே வரவும்

மணிமேகலையின் வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். கதவுக்குத் தாழ்ப்பாள்கூட ஒழுங்காக விழாது. ஆனால் வீட்டுக்கு எதிரே இருக்கும் பட்டுப்புழு ஷெட்டுக்குள் போவதென்றால் அது வேறு கதை. ஏரியூர் ரோட்டை விட்டுப் பிரிந்து, ஓடையைத் தாண்டி வரும் அந்தச் சின்ன ஊரில், கலெக்டரே வந்தாலும் அவள் வாசலில் நிறுத்தி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விடுவாள் என்று சனங்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பட்டுப்புழுவுக்கு வாசனை ஆகாது. பீடி ஆகாது, சென்ட் ஆகாது, பூச்சிமருந்து தெளித்த கை அறவே ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல் மண்ணெண்ணெய். அந்த நாற்றம் பட்டால் புழு தலையைத் தொங்கப் போட்டுவிடும். வாசற்படியில் ஒரு பெரிய தட்டு நிறைய பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் இருக்கும். கதவில் சிவப்புப் பெயிண்டில் 'கால் நனைத்து உள்ளே வரவும்' என்று அவளே எழுதி வைத்திருந்தாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் அதை மீறத் துணிந்தவர்கள் ஊரில் இல்லை.

இதைவிட வேடிக்கை, அவள் குடியிருந்த வீட்டுக்கு ஷீட் கூரை, புழு குடியிருந்த ஷெட்டுக்குக் கான்கிரீட் தளம். கையில் சேர்ந்ததை எதற்குப் போடுவது என்ற பேச்சு வந்தபோது, மனுஷன் நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம், புழு நனைந்தால் என்ன செய்யும் என்று கேட்டு அவள் புருஷன் வாயை அடைத்துவிட்டாள். சென்னப்பன் கொத்தனாரைக் கூட்டிவரப் போனான். பொதுவாகவே அவன் பேச்சில் சிக்கனம்.

அப்படிப்பட்டவளுக்கு அடுத்தடுத்து இரண்டு பேட்ச் புழு கைவிட்டுப் போயிருந்தது. முதலாவதில், பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்துவிட்டது. இரண்டாவதில் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்தான். சென்னப்பனுக்குச் சளி பிடித்திருந்தது. நெற்றியிலும் நெஞ்சிலும் தைலத்தை அப்பிக்கொண்டு, காலை மட்டும் ஒழுங்காக நனைத்துவிட்டு, இலை போட உள்ளே போய்விட்டான். கதவில் காலைப் பற்றித்தானே எழுதியிருக்கிறது என்று பிறகு அவன் சொன்ன சமாதானத்தை அவள் மன்னிக்கவே இல்லை. அந்த ஆத்திரம் அடங்குவதற்குள், டிராக்டர் வைத்திருக்கும் இன்னாசியின் மனைவி கேத்தரின், தலை நிறையப் பூவும் முகம் நிறையப் பவுடருமாக, மிஞ்சிய புழுவைப் பார்க்க வந்தாள். வாசலிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாவது பேட்சுக்கு முட்டை வாங்கும் முன்பே சென்னப்பன் தன் முடிவைச் சொல்லிவிட்டான். இதுவும் போனால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டுக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போடுவது. கிழங்குக்கு மூக்கு கிடையாது, யார் எதைப் பூசிக்கொண்டு போனாலும் அது பாட்டுக்கு விளையும் என்றான். சொன்னதோடு நிற்காமல் தோட்டத்தை ஒட்டிய தரிசை உழுதும் போட்டான். நடுவதற்குக் கிழங்குக் குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து ஷெட் சுவரோரம் சாத்தி வைத்தான். போகும்போதும் வரும்போதும் அவை அவள் கண்ணை உறுத்தின. மல்பெரி போய்விட்டால் அவளும் விடிகாலையில் பனியன் கம்பெனி வேன் ஏற வேண்டியதுதான். அந்தத் தோட்டத்தில் ஒவ்வொரு செடியும் அவள் கையால் ஊன்றியது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

புழுக்கள் அவளை ஏமாற்றவில்லை. நோய்நொடி இல்லாமல் வளர்ந்து, வைகாசியில் ஒரு பிற்பகல் தின்பதை நிறுத்தின. உடம்பு மஞ்சளாகத் தெளிய, தலையைத் தூக்கித் தூக்கி இடம் தேடின. அதைத்தான் பழுத்துவிட்டது என்பார்கள். பழுத்த புழுவைப் பொறுக்கி நெட்ரிகா என்கிற பிளாஸ்டிக் தட்டில் விட்டால் அதன் மடிப்புகளில் கூடு கட்டும். தாமதித்தால் கிடைத்த இடத்தில் நூலைக் கக்கி வீணாக்கிவிடும். இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் தட்டில் ஏற்றிவிட வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் மும்முரமாக இருந்தபோது வானம் கறுத்தது.

கோடை மழை அந்தப் பக்கத்தில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதலில் காற்று வந்தது. பின்னாலேயே ஆலங்கட்டி விழுந்தது. வீட்டுக் கூரையின் ஷீட்டுகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து, பட்டம் போலப் பறந்து, மல்பெரிக்குள் விழுந்து உடைந்தன. ஷெட் வாசலில் நின்று சென்னப்பன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலிருந்த தளம் அசையவில்லை. பெண்டாட்டி இப்போது ஏதாவது சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். அவளும் சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த நேரத்தில் மேகத்துக்குள்ளிருந்து ஓர் இரைச்சல் கேட்டது.

அது விமானப்படை ஹெலிகாப்டர். பெங்களூரிலிருந்து சூலூருக்குப் போகிற வழியில், முன்னாலும் பின்னாலும் மழை அடைத்துக்கொள்ள, எங்காவது இறங்கி மழை விட்டதும் கிளம்பலாம் என்று ஓட்டியவர் இடம் தேடியிருக்கிறார். சென்னப்பன் உழுது போட்ட தரிசில் மரமும் இல்லை, மின்கம்பியும் இல்லை. மேலிருந்து பார்க்க நல்ல இடமாகத் தெரிந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்த சமாச்சாரம். அன்றைக்கு அவர்கள் கண்டது, மழைக்குள்ளிருந்து தள்ளாடித் தள்ளாடி இறங்கி வந்த பச்சை நிற வண்டியைத்தான். ஓட்டியவர் நிதானமாகவே இறக்கினார். வண்டியின் கால்கள் மண்ணைத் தொட்டும்விட்டன. அதற்காகவே காத்திருந்த மாதிரி ஒரு காற்று பக்கவாட்டில் வந்து மோதியது. உழவு மண் சேறாகியிருந்ததால் ஒரு கால் புதைந்தது. வண்டி சாய்ந்தது. மேலே சுழன்ற இறக்கைகள் தரையில் அடித்துச் சுக்குநூறாயின.

சென்னப்பன் ஓடினான். மணிமேகலை ஒரு கணம் புழுக்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவன் பின்னாலேயே ஓடினாள். ஆலங்கட்டி முதுகில் கல்லெறி போல விழுந்தது. கிட்டே போவதற்குள் ஒருவர் தானாகவே வெளியே வந்து, உள்ளேயிருந்து இன்னொருவனை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்தவருக்குப் பெரிய மீசை, நெற்றியில் வெட்டு. மற்றவன் சின்ன வயசுக்காரன். அவன் வலது கால் தொடைக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. மீசைக்காரர் இந்தியில் ஏதோ கத்தி, எல்லோரும் தூரப் போக வேண்டும் என்று கையைக் காட்டினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நாற்றமே சொன்னது. ஹெலிகாப்டருக்கு ஊற்றுவது ஏறக்குறைய மண்ணெண்ணெய்தான். இரண்டு பேர் உடுப்பும் அதில் ஊறியிருந்தது.

ஷெட்டின் பின்னால் பழைய மூங்கில் சந்திரிகை ஒன்று கிடந்தது. நெட்ரிகா வருவதற்கு முன் புழு ஏற்றிய தட்டி, ஆள் நீளம் இருக்கும். அடுப்புக்கு உடைத்துப் போடச் சொல்லி அவள் நச்சரித்தும் சென்னப்பன் செய்யாமல் விட்டிருந்தான். சோம்பேறித்தனமும் சில நாள் உதவுகிறது. அதைத் திருப்பிப் போட்டு, அடிபட்டவனை அதில் கிடத்தி, முன்னால் சென்னப்பனும் பின்னால் மீசைக்காரருமாகத் தூக்கினார்கள். அதற்குப் பிறகுதான் எங்கே போவது என்ற கேள்வி வந்தது.

வீட்டுக்குக் கூரை இல்லை. இன்னாசியின் வீடு தோட்டம் தாண்டி ஓடைக்கரையில் இருந்தது. அவ்வளவு தூரம் இந்த மழையில் தூக்கிப் போக முடியாது. அடிபட்டவன் உதடு நீலம் பாரித்து, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நனையாத தரை கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒன்றே ஒன்றுதான். சென்னப்பன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். ஒரு டப்பா தைலத்துக்கு அவ்வளவு பேச்சு வாங்கியவன், மண்ணெண்ணெயில் குளித்த இரண்டு ஆளை உள்ளே விடச் சொல்லி எந்த வாயால் கேட்பான்?

மணிமேகலை முன்னே நடந்தாள். கதவைத் திறந்தாள். திறந்தவள், வழியை விடாமல் நின்று, எத்தனையோ வருஷப் பழக்கத்தில் தன்னை அறியாமல் சொன்னாள்.

"கால நனைச்சுட்டு வாங்க."

சென்னப்பன் மறு பேச்சில்லாமல் நனைத்தான். மீசைக்காரருக்குத் தமிழ் தெரியாது. நெற்றி ரத்தம் கண்ணில் இறங்க, கையில் பாரத்தோடு நின்றவர், முன்னால் போகிறவன் செய்வதைப் பார்த்தார். இது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் ஒரு பூட்ஸை முக்கினார். பிறகு மற்றதையும் முக்கினார். அப்போதுதான் அவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. வெட்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒதுங்கினாள்.

ஆனால் சந்திரிகையில் கிடந்தவன் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டான். இலை வாசனையும் அவனுக்கு எட்டியிருக்க வேண்டும். கையை நீட்டிக் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"ஒளகெ பேடா, அக்கா. ஹுளு ஸாயுத்தெ."

உள்ளே வேண்டாம் அக்கா, புழு செத்துவிடும் என்றான். கன்னடம். மணிமேகலையின் பிறந்த வீட்டில் பேசும் பாஷை. அவன் பேர் மாதவராஜ், ஊர் கர்நாடகத்தில் பட்டுக்குப் பேர்போன ராம்நகருக்குப் பக்கம். அவன் அம்மா புழு வளர்க்கிறவள், அவனைப் படிக்க வைத்ததே புழுதான். தன்னை வெளியே சுவரோரம் படுக்க வைத்துவிடும்படி பல் கிட்டக் கிட்டக் கெஞ்சினான். அந்த நிலையிலும் அவன் பார்வை உள்ளே ஸ்டாண்டில் தலை தூக்கி நின்ற புழுக்கள்மேல் இருந்தது.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவன் சொன்னபடியே செய்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது உண்மை. சுவரோரம் சாத்திய கிழங்குக் குச்சிகள் தெரிந்தன. கம்பெனி வேன் தெரிந்தது. அப்படித் தோன்றியதற்காக உடனே அழுகையும் வந்தது. அவன் விரல்களை நிலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, அவன் பாஷையிலேயே சொன்னாள்.

"புழு போனா முட்ட வாங்கிக்கலாம் தம்பி. உன்ன எங்க போயி வாங்கறது?"

உள்ளே கொண்டுபோய் நடுத்தரையில் கிடத்தினார்கள். மீசைக்காரர் காரியக்காரர். நெட்ரிகா கட்டும் மூங்கில் குச்சிகளை வாங்கி, அவள் கொடுத்த பழைய சேலையைக் கிழித்து, காலை அசையாதபடி கட்டினார். பிறகு எண்ணெய் ஊறிய தன் உடுப்பைக் கழற்றி வெளியே எறிந்துவிட்டு, சென்னப்பன் நீட்டிய கோடு போட்ட லுங்கியைக் கட்டிக்கொண்டார். மாதவராஜின் உடுப்பை இடுப்புவரைதான் வெட்டி எடுக்க முடிந்தது. அவனுக்குக் குளிராமல் இலை மூடும் சாக்கும் நீல ஷீட்டும் போர்த்தினார்கள். சென்னப்பன் ஆம்புலன்சுக்குப் பேசினான். வண்டி வருகிறது, ஆனால் ஓடையின் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, இக்கரைக்கு வர முடியாது என்றார்கள். உடனே இன்னாசிக்குப் போன் போட்டான்.

இன்னாசியின் டிராக்டர் வரும்வரை அவனைத் தூங்கவிடக் கூடாது என்று மீசைக்காரர் சைகையில் சொன்னார். மணிமேகலை அவன் தலைமாட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். உங்கள் தோட்டத்தில் என்ன ரகம் மல்பெரி, அம்மா இலை நறுக்கிப் போடுவாளா, கிளையோடு போடுவாளா, வெளியாள் வந்தால் திட்டுவாளா. கடைசிக் கேள்விக்கு அவன் லேசாகச் சிரித்தான். அப்பாவையே திட்டுவாள் என்றான். அவர் குடித்துவிட்டு வந்த அன்று ஷெட் பக்கம் வராமல் மாட்டுக் கொட்டகையில் படுக்க வைத்ததைச் சொன்னான். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ஸ்டாண்டிலிருந்து புழுக்கள் ஒவ்வொன்றாக உதிர்வது அவள் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னல்களை மட்டும் திறந்துவிடும்படி புருஷனிடம் சொன்னாள்.

டிராக்டர் வந்தது. கேத்தரினும் கூடவே வந்திருந்தாள். டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி, சந்திரிகையோடு அப்படியே ஏற்றினார்கள். இன்னாசி வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே ஓடைக்குள் இறக்கினான். தண்ணீர் பெரிய சக்கரத்தில் பாதிவரை வந்தது. அக்கரையில் ஆம்புலன்ஸ்காரர்கள் கைகாட்டி வழி சொன்னார்கள். லுங்கியோடு நின்ற மீசைக்காரர் மாதவராஜின் தோளை விடாமல் பிடித்திருந்தார். வண்டி கரையேறியபோது சத்தம் கேட்டு இக்கரையில் கூடிவிட்ட ஊர்ச்சனம் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

சென்னப்பன் டிராக்டரோடு போயிருக்க, மணிமேகலை தனியாக ஷெட்டுக்குத் திரும்பினாள். நாற்றம் இன்னும் குப்பென்று அடித்தது. நடுவிலிருந்த ஸ்டாண்டுகளில் புழுக்கள் சுருண்டு கிடந்தன. மற்றவை இடம் தேடி அலைந்து, கம்பியிலும் சுவரிலும் நூலைக் கக்க ஆரம்பித்திருந்தன. இருட்டுவதற்கு அதிக நேரமில்லை. இரண்டு கையை வைத்துக்கொண்டு எதை எடுப்பது, எதை விடுவது? தரையில் உட்கார்ந்துவிட்டாள். செய்ததற்காக அவள் வருத்தப்படவில்லை. ஆனாலும் கைக்கெட்டிய புழுவைக்கூட எடுக்கத் தோன்றவில்லை.

வாசலில் தண்ணீர் சளசளக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். கேத்தரின் தட்டில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கேத்தரின் மழையில் நன்றாகக் கழுவிய முகத்தை முன்னால் நீட்டிக் காட்டினாள்.

"பூவெல்லாம் எடுத்துட்டு, மூஞ்சி கழுவிட்டுத்தான் வந்திருக்கறோம். எப்படிப் பொறுக்கறதுன்னு மட்டும் சொல்லு."

மணிமேகலை சொல்லிக் கொடுத்தாள். நகம் படாமல், நடுவில் பிடித்து, நெருக்காமல் பரவலாக விட வேண்டும். புழுவைத் தொடவே அருவருத்த இரண்டு பேரைத் தட்டு எடுத்துக் கொடுக்க வைத்தாள். ஒருத்தி தலையில் எண்ணெய் மணத்தபோது வழக்கம்போல் வாய்வரை ஒரு பேச்சு வந்தது, அதை விழுங்கிக்கொண்டாள். அந்த ஷெட்டுக்குள் அத்தனை ஆள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு உயிரோடிருந்த புழு எல்லாம் தட்டில் ஏறியிருந்தது. சென்னப்பன் ஆம்புலன்ஸ்காரர்களிடம் போனில் செய்தி கேட்டு வந்து சொன்னான். பென்னாகரத்தில் முதலுதவி முடித்துத் தர்மபுரிக்குக் கொண்டுபோகிறார்கள், உயிருக்குப் பயமில்லை.

மறுநாளிலிருந்து ஊர் தடபுடலானது. விமானப்படைக்காரர்கள் வந்து வயலைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். விசாரித்தார்கள், படம் எடுத்தார்கள், கிரேன் வைத்து ஹெலிகாப்டரைத் தூக்கிப் போனார்கள். தார்ப்பாய் கொண்டுவந்து வீட்டுக்கும் கூரை போட்டுக் கொடுத்தார்கள். ஊரே அந்த வேடிக்கையில் கிடக்க, மணிமேகலை மட்டும் ஷெட்டை விட்டு நகரவில்லை. புழு நூலுக்குள் மறைந்துவிட்டால் வெளியிலிருந்து எதுவும் தெரியாது. உள்ளே கூடு கட்டுகிறதா, பாதியில் சாகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. காத்திருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை.

அறுவடை நாளில் முதல் கூட்டை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே கூட்டுப்புழு லொடலொட என்று உருண்டது. நல்ல கூடு. அடுத்ததும் நல்ல கூடு. எல்லாம் அப்படி இல்லை. நடு ஸ்டாண்டு முழுக்கப் போயிருந்தது, நூல் மெல்லிசாகி பாதியில் நின்ற கூடும் உண்டு. ஆனாலும் அவள் பயந்த மாதிரி இல்லாமல் பாதிக்குமேல் தேறிவிட்டது. ஜன்னலோரத் தட்டுகள் வெள்ளை வெளேரென்று நிறைந்திருந்தன. இது போதுமா போதாதா என்று புருஷனிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவன் தட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனான்.

சற்றுப் பொறுத்து வாசலில் டிராக்டர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். சுவரோரம் இருந்த கிழங்குக் குச்சிக் கட்டுகளைச் சென்னப்பன் ஒவ்வொன்றாகத் தூக்கி இன்னாசியின் டிரெய்லரில் போட்டுக்கொண்டிருந்தான். எங்களுக்கு ஆகாது, நீ நட்டுக்கொள் என்று இன்னாசியிடம் சொல்வது கேட்டது. கடைசிக் கட்டையும் ஏற்றிவிட்டுக் கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மல்பெரிக்குள் இறங்கினான். அடுத்த பேட்சுக்கு இலை வேண்டுமென்றால் இப்போதே செடியை வெட்டித் துளிர்க்கவிட வேண்டும். முகத்தைத் துடைக்கிற சாக்கில் மணிமேகலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்து, ஷெட்டில் புதுப் புழு நாலாவது தோலை உரித்துவிட்டு மும்முரமாகத் தின்றுகொண்டிருந்த சமயத்தில், ஒரு கார் வந்து நின்றது. மாதவராஜ் இறங்கினான். அக்குளில் ஒரு ஊன்றுகோல், முகத்தில் நல்ல தெளிவு. கூடவே அவன் அம்மா. அந்த அம்மாள் யாரிடமும் எதுவும் கேட்காமல் முதலில் தோட்டத்தைத்தான் பார்த்தாள். ஓர் இலையைக் கிள்ளித் தடவி, நல்ல இலை என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, மணிமேகலையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

புழுவைப் பார்க்கலாமா என்று மாதவராஜ் கேட்டான். மணிமேகலை கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். காலை நனைக்கச் சொல்லவில்லை. அவன் வாசற்படியில் நின்று செருப்பைக் கழற்றினான். நல்ல காலை நனைத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னும் சரியாக மடங்காத காலை மெதுவாகத் தூக்கி அதையும் நனைத்தான். பிறகு குனிந்து ஊன்றுகோலின் நுனியையும் தட்டில் முக்கி எடுத்தான்.

"அன்னைக்கு நனைக்காம வந்துட்டேன், அக்கா" என்றான்.